பழைய ஏழு டன் ஹிட்டாச்சியை மர வேலைக்கு ஓட்டுவது: கேள்வி பதில்

புதுக்கோட்டைப் பக்கம் தைலமரக் காடுகளில் மண் தோண்டும் வண்டியான பழைய இஎக்ஸ் 70 ஒன்றை ஓட்டிப் பிழைக்கிறேன். கட்டை அடுக்குவது, லாரியில் ஏற்றுவது, தூர் பிடுங்குவதுதான் வேலை. (எந்தக் கம்பெனி வண்டியானாலும் செயின் போட்டிருந்தால் ஹிட்டாச்சி, டயர் போட்டிருந்தால் ஜேசிபி என்பதுதான் நம் ஊர் வழக்கம். நானும் அப்படியே எழுதுகிறேன்.)

அண்ணே, மீட்டரில் 9,000 மணி நேரம் காட்டும் வண்டி ஒன்று விலைக்கு வந்திருக்கிறது. எதைப் பார்த்து வாங்க?

மீட்டரை நம்பாதீர்கள் தம்பி. காலையில் இன்ஜின் சூடாவதற்கு முன் போய் நில்லுங்கள். நீங்கள் போகும்போதே வண்டி ஓடிக்கொண்டிருந்தால், "நாளைக்கு வருகிறேன்" என்று திரும்பிவிடுங்கள். குளிர்ந்த இன்ஜின் எப்படிப் பிடிக்கிறது, என்ன நிறத்தில் புகை விடுகிறது என்பதைக் கண்ணால் பார்க்க வேண்டும்.

அப்புறம் ஒரு மணி நேரமாவது வேலை வாங்கிப் பாருங்கள். தேய்ந்த ஹைட்ராலிக் பம்ப் காலையில் நல்லபிள்ளையாக இருக்கும். ஆயில் சூடாகி இளகியதும் உள்ளுக்குள்ளேயே கசிந்து, பூம் (வண்டியின் பெரிய கை) தூக்க முக்கும். பக்கெட்டில் மண் அள்ளிப் பூமைத் தூக்கி நிறுத்தி, சிலிண்டர் ராடில் சாக்பீஸ் கோடு போட்டுவிட்டு இன்ஜினை நிறுத்துங்கள். ஒரு டீ குடித்து வருவதற்குள் எவ்வளவு இறங்கியிருக்கிறது என்று பாருங்கள்.

பக்கெட்டைத் தரையில் ஊன்றி வண்டியின் முன்பக்கத்தைக் கொஞ்சம் தூக்கி இறக்குங்கள். இன்னொருவர் தள்ளி நின்று, வண்டியின் மேல்பகுதி சுழலும் ஸ்விங் பேரிங்கின் இடைவெளியைக் கவனிக்கட்டும். அது கண்ணுக்குத் தெரிய ஆடினால் விலை பேசவே வேண்டாம். மூட்டுகளில் உள்ள பின், புஷ் ஆட்டம் பரவாயில்லை, லேத்தில் சரி செய்துகொள்ளலாம்.

பாறை உடைக்கும் பிரேக்கருக்கான ஆயில் லைன் ஏற்கெனவே இருக்கிறது. அதிலேயே கட்டை கவ்வும் கிராப் மாட்டலாமா?

அப்படியே மாட்ட முடியாது. பிரேக்கருக்கு ஒரு பக்கம் பிரஷர் போனால் போதும், திரும்பும் ஆயில் நேரே டேங்குக்குப் போய்விடும். கிராப் திறக்கவும் வேண்டும், மூடவும் வேண்டும். இரண்டு பைப்புமே முழு பிரஷரைத் தாங்க வேண்டும். திரும்பும் பைப்பை மாற்றாமல் மாட்டினால் அது வெடிக்கும். கிராப் சுற்றவும் வேண்டுமென்றால் தனியாக இன்னொரு லைன். அவ்வளவு செலவு கட்டாது என்றால், பக்கெட்டைத் தாங்கும் ஆர்மில் மடக்கி வைக்கும் இரும்பு விரல் ஒன்றை வெல்டிங் பட்டறையில் செய்து மாட்டி, பக்கெட்டோடு சேர்த்துக் கட்டையைக் கவ்வலாம். மெதுவான வேலைதான், ஆனால் நடக்கும்.

மதியம் ஆனால் ஹீட் ஏறுகிறது. தண்ணீர் குறையவில்லை, தெர்மோஸ்டாட்டும் மாற்றிவிட்டேன்.

ஆயில் கூலரைக் கழற்றிப் பார்த்தீர்களா? எனக்கும் இதே தொல்லை இருந்தது. வெளியே பார்த்தால் ரேடியேட்டர் பளிச்சென்றுதான் இருந்தது. கழற்றினால், கூலருக்கும் ரேடியேட்டருக்கும் நடுவே தைல இலைத்தூளும் பட்டை நாரும் ஆயிலில் ஊறி, போர்வை மாதிரி ஒரு அட்டையாக உரிந்து வந்தது. காற்று எங்கே போகும்?

மண் வேலைக்கும் மர வேலைக்கும் உள்ள பெரிய வித்தியாசம் இதுதான். தினமும் சாயங்காலம் ஏர் அடியுங்கள், காற்று வழக்கமாகப் போகும் திசைக்கு எதிர்த்திசையில். பக்கத்தில் வைத்து வாட்டர் சர்வீஸ் அடித்தால் தகடு மடங்கி, உள்ளதும் கெடும்.

ஹீட்டை விட எனக்குப் பயம் தீதான். தைல இலையில் எண்ணெய் இருக்கிறது, காய்ந்தால் பற்றிக்கொள்ள ஒரு பொறி போதும். சைலன்சர் பக்கத்தையும், வண்டிக்கு அடியில் உள்ள தகட்டையும் வாரம் ஒரு முறை திறந்து குப்பையை வாருங்கள். அந்தத் தகட்டின் மேல் இலை, சொட்டிய ஆயில், டீசல் எல்லாம் சேர்ந்து கிடக்கும். அதற்காகத் தகட்டையே கழற்றி எறிந்துவிடாதீர்கள், நட்டுக்கொண்டு நிற்கும் குச்சி நேரே ஹோஸைக் குத்தும். வேலை முடிந்ததும் பேட்டரி கட்-ஆஃபைப் போட்டுவிட்டு அரை மணி நேரம் வண்டிப் பக்கத்திலேயே இருந்துவிட்டுத்தான் நான் கிளம்புவேன்.

செயின் அடிக்கடி கழன்றுவிடுகிறது, ஐயா.

தூர் மேல் ஏறி நின்று திருப்புகிறீர்கள் என்று நினைக்கிறேன். நேராக ஏறி, நேராக இறங்கி, சமதரைக்கு வந்த பிறகு திருப்புங்கள். செயின் சுற்றிவரும் முன்சக்கரமான ஐட்லருக்குப் பின்னால் குச்சி, பட்டை அடைந்தாலும் கழலும், அதையும் குத்தி எடுத்துவிடுங்கள். தொய்வாக இருந்தால் செயினை இறுக்கும் அட்ஜஸ்டரில் கிரீஸ் ஏற்றுங்கள், ஆனால் முறுக்கேற்ற வேண்டாம். செயினில் மண்ணும் மரத்தூளும் அடையும்போது தானாகவே இறுகும், ரோலரும் ஐட்லரும் சீக்கிரம் போகும்.

கிரீஸை இறக்கும்போது மட்டும் முகத்தை நேரே வைக்காதீர்கள். வால்வை மெதுவாக ஒரு சுற்று திருப்பினால் போதும். முழுதாகக் கழற்றினால் அது துப்பாக்கிக் குண்டு மாதிரி வரும்.

மூட்டுகளுக்குக் கிரீஸ் அடிப்பது காலையிலா, மாலையிலா?

மாலையில். மூட்டுப் பின் சூடாக இருக்கும்போது கிரீஸ் உள்ளே நன்றாகப் போகும், அன்றைக்குச் சேர்ந்த மண்ணையும் தள்ளிவிடும்.

ஹோஸில் எங்கோ புகை மாதிரி ஆயில் அடிக்கிறது. கையால் தடவிப் பார்த்தும் இடம் தெரியவில்லை.

இனி கையை வைக்கவே வைக்காதீர்கள்! ஊசித்துளையில் வரும் ஆயில் தோலைத் துளைத்து உள்ளே போய்விடும். அப்போது எறும்பு கடித்த மாதிரிதான் இருக்கும், கவனிக்காமல் விட்டால் விரலையே எடுக்கும்படி ஆகும். அட்டைத்துண்டைக் காட்டித் தேடுங்கள். எப்போதாவது தோலில் பட்டுவிட்டால் வலி இல்லையே என்று இருக்காமல் உடனே ஆஸ்பத்திரிக்குப் போய், ஹைட்ராலிக் ஆயில் ஏறிவிட்டது என்று சொல்லுங்கள்.

எவ்வளவு பெரிய கட்டை வரை தூக்கலாம்?

பச்சைத் தைலக்கட்டை ஒரு கன மீட்டருக்குக் கிட்டத்தட்ட ஒரு டன் என்று வைத்துக்கொள்ளுங்கள். 30 செ.மீ. விட்டம், 5 மீட்டர் நீளம் என்றால் சுமார் 350 கிலோ. விட்டம் 40, நீளம் 6 என்றால் 750. இந்த இரண்டாவது கட்டையை வண்டிக்குப் பக்கத்தில் தூக்குவது ஒரு கதை, ஆர்மை முழுக்க நீட்டி, செயினுக்குக் குறுக்கே திருப்பித் தூக்குவது வேறு கதை. பக்கவாட்டில்தான் வண்டி சாயும். ஒரு முனையை மட்டும் தூக்கி, பக்கத்தில் இழுத்து வந்து ஏற்றுங்கள். பூமை ஆட்டிக் கட்டையைப் பக்கவாட்டில் தள்ளும் பழக்கம் இருந்தால் ஸ்விங் கியரும் மூட்டுப் பின்களும் போகும்.

நிலத்துக்காரர் தூர் நசுங்கிவிட்டது என்று சண்டை போடுகிறார்.

அவர் பக்கம் நியாயம் இருக்கிறதே. தைலமரம் வெட்டிய தூரிலிருந்து மறுதாம்பு துளிர்க்கும், அவருக்கு அடுத்த வெட்டு அதுதான். செயின் ஏறிப் பட்டை உரிந்தால் அந்தத் தூர் துளிர்ப்பது சந்தேகம். வரிசைக்கு நடுவே மட்டும் ஓட்டி, கட்டையை ஆட்களை வைத்து ஓரத்துக்கு எடுத்துக்கொள்ளுங்கள். தூரைப் பிடுங்க வேண்டுமா, மறுதாம்பு விட வேண்டுமா என்பதை வண்டியை லாரியிலிருந்து இறக்குவதற்கு முன்பே அவரிடம் கேட்டுவிடுங்கள்.