அராஜகவாதம் என்றால் என்ன? ஒரு கிறிஸ்தவர் அதை ஏற்கலாமா?

பாதியை ஏற்கலாம் என்பது என் கருத்து. எந்தப் பாதி என்பதில்தான் சிக்கல்.

கொழும்பில் அராஜகம் என்றதும் பலருக்கு 83 ஜூலையில் தமிழர்மீது நடந்த வன்முறைதான் நினைவுக்கு வரும். ஆனால் அப்போது அரசு இல்லாமலா போனது? காடையர் கையில் வாக்காளர் பட்டியல் இருந்தது. வெலிக்கடைச் சிறைக்குள், அரசின் காவலிலேயே, 53 தமிழ்க் கைதிகள் கொல்லப்பட்டார்கள். இதை 'ஆட்சியற்ற நிலை' என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை. 1840இல் பிரெஞ்சுச் சிந்தனையாளர் புரூதோன் தன்னை அராஜகவாதி என்று அறிவித்தபோது சொன்னது வேறு: அடக்கி ஆள ஒருவர் இல்லாமல், மனிதர் தாமாக உடன்பட்டு வாழ்வது. 2022இல் காலிமுகத்திடல் போராட்டக்களத்தில் சாப்பாடும் நூலகமும் இலவசமாக நடந்தனவே, அதில் இதன் சாயல் கொஞ்சம் இருந்தது.

சரி, வேதத்துக்கு வருவோம். 1 சாமுவேல் 8இல் ஜனங்கள் ராஜா வேண்டும் என்கிறார்கள். உங்கள் பிள்ளைகளைப் படைக்கு எடுப்பான், விளைச்சலில் பத்தில் ஒன்றை வாங்குவான், கடைசியில் நீங்களே அவனுக்கு வேலையாட்கள் ஆவீர்கள் என்று சாமுவேல் எச்சரிக்கிறார். (நம் ஊர் தேர்தல் மேடைகளில் இதை யாரும் வாசிப்பதில்லை.) ரஷ்ய எழுத்தாளர் டால்ஸ்டாய், "தீமையோடு எதிர்த்து நிற்கவேண்டாம்" என்று இயேசு மலைப்பிரசங்கத்தில் சொன்ன வசனத்தை அப்படியே எடுத்துக்கொண்டு, படை, நீதிமன்றம், சிறை எதிலும் கிறிஸ்தவனுக்குப் பங்கில்லை என்றார். 1901இல் ரஷ்யத் திருச்சபை அவரை விலக்கியது. அமெரிக்கரான டொரதி டே கத்தோலிக்கராகவே இருந்துகொண்டு அராஜகவாதியாக வாழ்ந்தார். 1933இல் நியூயோர்க்கில் அவர் பீட்டர் மோரினோடு தொடங்கிய இயக்கம் ஏழைகளுக்குச் சோறும் இடமும் கொடுத்தது.

உடனே ரோமர் 13ஐ நீட்டுவார்கள்: மேலான அதிகாரத்துக்குக் கீழ்ப்படி. நீட்டட்டும். ஆனால் மனுஷரைவிடத் தேவனுக்கே கீழ்ப்படிய வேண்டும் என்று ஆலோசனைச் சங்கத்தின் முன் பேதுரு சொன்னதும் (அப்போஸ்தலர் 5) அதே வேதத்தில்தான் இருக்கிறது. ரோமர் 13ஐ எழுதிய பவுலே பலமுறை சிறைக்குப் போனவர்.

ஏற்க முடியாத பாதி ரஷ்ய அராஜகவாதி பக்கூனினுடையது. அவருக்கு அரசைப் போலவே கடவுளும் ஒழிய வேண்டிய எஜமான். பிற்கால அராஜகவாதிகள் சிலர் குண்டு எறிந்ததும் மலைப்பிரசங்கத்துக்கு முன் நிற்காது. டால்ஸ்டாயோடும் எனக்கு ஓர் இடத்தில் ஒத்துவராது. மனிதன் பாவி என்று நம்புகிற நாம், ஆட்சி போனதும் அவன் திருந்திவிடுவான் என்று எப்படி நம்புவது? பக்கத்து வீட்டுக் கதவை யாராவது உடைத்தால் நான் பொலிசுக்கு, 119க்கு, அழைக்கத்தான் செய்வேன்.