விசில் இருக்கட்டும், வலை எங்கே?

கேள்வி: ஃபிரான்சின் ஸ்டெஃபனி ஃப்ராப்பார் ஆண்கள் கால்பந்து உலகக் கோப்பையிலேயே விசில் ஊதிவிட்டார். நம் டெல்டா ஊர்ப் போட்டிகளில் ஒரு பெண் ரெஃப்ரி விசில் ஊதினால் பையன்கள் அடங்குவார்களா?
– ஒரு வாசகர், மன்னார்குடி

பதில்: எந்த விசில்? திருவிழாக் கடை விசில் என்றால் யார் ஊதினாலும் அடங்கமாட்டார்கள். உள்ளே உருளும் கார்க் உருண்டை ஐப்பசி மழையில் நனைந்தால் ஒட்டிக்கொள்ளும். பதறிப்போய் பலமாக ஊதினால் அப்படியே சிக்கி நிற்கும். கன்னம் உப்பும், காற்றுதான் வரும். அதற்குள் பந்து கோலுக்குள் போயிருக்கும். கனடாவின் கூடைப்பந்து நடுவர் ரான் ஃபாக்ஸ்கிராஃப்ட் இந்த அவஸ்தையில் நொந்துதான் உருண்டையே இல்லாத ‘ஃபாக்ஸ் 40’ விசிலை 1987-இல் கொண்டுவந்தார். நனைந்தால் உதறிவிட்டு ஊதலாம். ஆளுயரக் கோப்பை வாங்கும் கமிட்டிக்கு இது மட்டும் செலவாகத் தெரியும்.

ஃப்ராப்பாருக்கு வருவோம். 2019-இல் இஸ்தான்புல்லில் லிவர்பூல்–செல்சி ஆண்கள் கிளப்புகளின் ஐரோப்பிய சூப்பர் கோப்பை ஆட்டம். கூடுதல் நேரத்தில் லிவர்பூல் 2–1 என்று முன்னிலை. அப்போது அவர்களின் கோல்கீப்பர் செல்சி வீரர்மீது மோதியதற்குத் தயங்காமல் பெனால்டி கொடுத்தார். 2022 டிசம்பர் 1, கோஸ்டா ரிகா–ஜெர்மனி உலகக் கோப்பை ஆட்டத்தில் கொடி பிடித்த இருவரும்கூடப் பெண்கள்தான்: நெயுசா பாக், கரேன் டியாஸ். ஆண்கள் ஆட்டத்துக்கு வரும் நடுவர் பெண்ணானாலும் ஆண்களுக்கான ஓட்டத் தேர்வுதான்: 40 மீட்டரை 6 விநாடிக்குள், ஆறு தடவை. பிறகு 75 மீட்டரை 15 விநாடியில் ஓடி, 25 மீட்டர் நடக்க வேண்டும். இப்படி நாற்பது தடவை. நம் லைன் ரெஃப்ரிகளில் சிலர் எதிரே இருக்கும் டீக்கடைக்கே பைக் எடுப்பவர்கள். ஃபிஃபா நடுவராகத் தேர்வான திண்டுக்கல் ரூபா தேவி இங்கே விசில் ஊத வந்தால், மூச்சு வாங்கப்போவது அவருக்கல்ல.

பையன்கள் எகிறுவது, நடுவட்டத்தில் நின்றுகொண்டு பெனால்டி ஏரியா ஃபவுலுக்கு ஊதும்போது. பக்கத்தில் நின்று ஊதினால் முக்கால்வாசிப் பேர் முனகிவிட்டுப் போய்விடுவார்கள். அறுவடை முடிந்த திடலில் கூட்டம் கோட்டைத் தாண்டி உள்ளே வந்துவிடுகிறது. கொடி பிடிப்பவர் ஓட இடமில்லாமல் ஆஃப்சைடைக் கோட்டை விடுகிறார், திட்டு நடுவருக்கு. கோட்டிலிருந்து இரண்டு மீட்டர் தள்ளிக் கயிறு கட்டுங்கள். கோடு போடக் கோலமாவே போதும். கிளிஞ்சல் சுண்ணாம்பு வேண்டாம், விழுந்தவன் கண்ணில் பட்டால் ஆபத்து.

அப்புறம் அந்தக் கோல் வலை. இந்தப் பக்கத்தில் எழுதி எழுதிக் கை ஓய்ந்துவிட்டது. பந்து கம்பத்துக்கு உள்ளே போனதா, வெளியே போனதா என்று ஊரே இரண்டுபடுகிறது. நாகப்பட்டினத்தைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு வலைக்கா பஞ்சம்?