கார் கதவு விளிம்பில் பெயின்ட் பெயர்ந்து தகரம் தெரிகிறது, பக்கத்து பீடிங்கும் (ஓரத்தில் ஒட்டியிருக்கும் பட்டை) தளர்ந்திருக்கிறது. நானே சரிசெய்யலாமா?

செய்யலாம், ஆனால் மழைக்கு முன் முடித்துவிடுங்கள். தளர்ந்த பீடிங்கின் பின்னால் தங்கும் ஈரம்தான் பெரிய எதிரி. அதை முதலில் கழற்றிப் பாருங்கள்.

துருவை 320 எண் உப்புத்தாளால் வெள்ளைத் தகரம் தெரியும்வரை தேய்த்து, ஓரங்களை 600 எண்ணால் சமன்செய்யுங்கள். குழிகளில் கருப்புப் புள்ளி மிஞ்சினால் ரஸ்ட் கன்வெர்ட்டர் (துருவைக் கெட்டியான படலமாக மாற்றும் திரவம்) தடவி, டப்பாவில் சொன்ன நேரம் காயவிடுங்கள். துருவின் மேலேயே பெயின்ட் அடித்தால் உள்ளே அது பரவி, சில மாதங்களில் கொப்புளமாக எழும். பலரும் தவறுவது இங்கேதான்.

பிறகு ஐசோப்ரொபைல் ஆல்கஹாலால் துடையுங்கள்; விரல் எண்ணெய் பட்டாலும் பெயின்ட் பிடிக்காது. வெறும் தகரத்துக்கு பிரைமர் (அடிப்பூச்சு) கட்டாயம்; எபாக்சி வகை நல்லது. அது காய்ந்தபின் வண்டியின் நிறக் குறியீட்டு எண்ணுக்குரிய டச்-அப் பெயின்ட்டை மெல்லிய பூச்சாக 2 அல்லது 3 முறை, இடையே அரைமணி நேரம் விட்டு வையுங்கள். ஒரே தடிமனான சொட்டு மேலே தோல் கட்டி, உள்ளே ஈரமாகவே நிற்கும். கடைசியில் கிளியர் கோட் (நிறமற்ற பாதுகாப்புப் பூச்சு). வாக்ஸ் ஒரு மாதம் கழித்துப் போதும்.

பீடிங்கை ஒட்டப் பழைய பசையை முழுக்க எடுத்துவிட்டு, வெளிப்புற உபயோகத்துக்கான, இருபக்கமும் ஒட்டும் அக்ரிலிக் ஃபோம் டேப் போடுங்கள். சூப்பர் குளூ வேண்டாம், வெயிலில் விறைத்து உடையும். புதுப் பெயின்ட் நன்றாக இறுகியபிறகே ஒட்டுங்கள்.

தகரம் ஓட்டையாகிவிட்டால் வெல்டிங்தான், டச்-அப் உதவாது.