பிராதை மட்டும் நம்பி எழுதலாமா?

கேள்வி: 1676-இல் லண்டன் சான்சரி நீதிமன்றத்தில் ஒரு மகன் கொடுத்த பிராதின் நகல் கிடைத்தது. அப்பாவின் கடனை அடைக்க ஒதுக்கிய நிலத்தின் வருமானத்தை டிரஸ்டிகள் விழுங்கிவிட்டதாகச் சொல்கிறார். இதை ஆய்வுக் கட்டுரையில் அப்படியே எழுதலாமா? தீர்ப்பை எங்கே தேடுவது?

பதில்: அப்படியே எழுதிவிடாதீர்கள். பிராது வாதியின் வக்கீல் எழுதியது. ‘பிரதிவாதிகள் யாரோ சிலருடன் சேர்ந்து சதி செய்தார்கள்’, ‘பத்திரங்கள் அவர்கள் கையில் சிக்கிவிட்டன’ என்பதெல்லாம் பிராதுக்குப் பிராது வரும் வாசகங்கள். மற்ற நீதிமன்றங்களில் பரிகாரம் கிடைக்காது என்று காட்டினால்தான், நியாயத்தின் அடிப்படையில் விசாரித்த சான்சரி நீதிமன்றம் வழக்கை எடுத்துக்கொண்டது; அதற்காகவே இப்படி எழுதினார்கள்.

நிலம் ஏன் டிரஸ்டிகள் கைக்குப் போனது என்று முதலில் பாருங்கள். அக்காலச் சட்டப்படி, இறந்தவரின் கைமாற்றுக் கடனுக்காக அவருடைய சொந்த நிலத்தைத் தொட முடியாது. வாரிசையும் கட்டுப்படுத்தும் என்று எழுதி முத்திரையிட்ட பத்திரம் இருந்தால் கதை வேறு. அப்படிப் பத்திரம் இல்லாமல் கடன் கொடுத்தவர்களும் ஏமாறக் கூடாது என்று நினைத்தவர்கள், நிலத்தை டிரஸ்டிகள் பேரில் எழுதிவைத்து, குத்தகைப் பணத்திலோ நிலத்தை விற்றோ கடனை அடைக்கச் சொன்னார்கள். மகள்களின் சீதனமும் பல குடும்பங்களில் அதே நிலத்திலிருந்துதான் வரவேண்டும். அதனால் மகனுக்குக் காசு வரவில்லை என்பதை வைத்து டிரஸ்டிகள் திருடினார்கள் என்று சொல்ல முடியாது. கடனே தீராமல் இருந்திருக்கலாம்.

பதிலுரையைத் தேடிப் பிடியுங்கள். பிரதிவாதி சத்தியம் செய்து கொடுத்தது அது. யாருக்கு எவ்வளவு கொடுத்தார் என்ற கணக்கே சில சமயம் அதோடு இணைந்திருக்கும். லண்டன் கியூவில் உள்ள தேசிய ஆவணக் காப்பகத்தில் சி 5 முதல் சி 10 வரை (C 5–C 10) எண்ணிட்ட ஆறு ஆவண வரிசைகளையும் பார்க்க வேண்டும். பிராது ஒரு வரிசையிலும் பதிலுரை வேறொன்றிலும் இருக்கக்கூடும். உத்தரவுகளும் தீர்ப்பும் சி 33-இல். கணக்கைச் சரிபார்த்த ‘மாஸ்டர்’ என்ற நீதிமன்ற அதிகாரியின் அறிக்கை இருந்தால் சி 38-இல்.

அப்புறம் சாட்சியங்கள். லண்டனில் எடுத்தவை சி 24, வெளியூரில் எடுத்தவை சி 22. இவற்றைத் தயவுசெய்து விட்டுவிடாதீர்கள். குத்தகைக்காரரும் வேலைக்காரரும் தங்கள் வயது, ஊர், தொழில் சொல்லிப் பேசுவது இங்கேதான்.

தீர்ப்பு கிடைக்கவில்லை என்றால் திகைக்க வேண்டாம்; பல வழக்குகள் நடுவிலேயே சமரசத்தில் முடிந்தன.

தேதியிலும் கவனம் வேண்டும். அப்போது இங்கிலாந்தில் ஆண்டு மார்ச் 25-இல்தான் பிறக்கும். நவம்பர் 1676 பிராதுக்கு பிப்ரவரி 1676 தேதியிட்ட பதிலுரை இருந்தால் அது பிழையல்ல. நம் கணக்கில் அது பிப்ரவரி 1677.