செவ்வரத்தம்பூ ஏன் கோவா போல வருகிறது?

கேள்வி: திருகோணமலை உப்புவெளியில் வசிக்கிறேன், வயது 41. மகளின் சித்திரக் கொப்பியைப் பார்த்து எனக்கும் பூ வரைய ஆசை வந்தது. வேலியில் நிற்கும் செவ்வரத்தையை வரைந்தால் ஒவ்வொரு முறையும் கோவா (முட்டைக்கோஸ்) மாதிரித்தான் வருகிறது. கோடும் நடுங்குகிறது. ஆறு மாத வகுப்பொன்றில் சேர்த்துவிடுவதாகத் தெரிந்த ஒருவர் சொல்கிறார். முடிவில் சான்றிதழ் உண்டாம். 24 பென்சில் உள்ள பெட்டியை அவரிடமே வாங்க வேண்டுமாம். முற்பணம் கட்டட்டுமா? இந்த வயதில் கை படியுமா ஐயா?

பதில்: முற்பணம் கட்டாதீர்கள் சகோதரி. உங்களுக்கு இப்போது வேண்டியது ஒரு எச்பி பென்சில், அதைவிட மென்மையாகவும் கறுப்பாகவும் விழும் ஒரு 2பி பென்சில், போட்டோக் கொப்பி எடுக்கிற சாதாரண ஏ4 தாள் இருபது, ஓர் அடிமட்டம். இவ்வளவும் எந்தப் புத்தகக் கடையிலும் கிடைக்கும். 24 பென்சில் பெட்டியில் பல பென்சில்கள் எச் வகை, கடினமான கரி. அவை கட்டட வரைபடக்காரருக்கு உரியவை. பூ வரையப் பழகுபவர் அவற்றைத் தொடவே மாட்டார். பெட்டியை விற்பவருக்கும் இது தெரியும்.

கை படியுமா என்ற பயத்தையும் விடுங்கள். பொங்கலுக்கு வாசலில் கோலம் போட்டிருப்பீர்கள். புள்ளியிலிருந்து புள்ளிக்கு மாவை இழுத்த விரலுக்குப் பென்சில் கோடும் வரும். கோடு நடுங்குவது வயதால் அல்ல. பென்சிலின் கூரை ஒட்டிப் பிடித்து, எழுத்து எழுதுவது போல விரலால் மெல்ல மெல்ல நகர்த்துவதால்தான் நடுங்குகிறது. கூரிலிருந்து ஏழு எட்டு சென்ரிமீற்றர் தள்ளிப் பிடியுங்கள். தொடங்கும் இடத்தில் ஒரு புள்ளி, முடியும் இடத்தில் ஒரு புள்ளி வையுங்கள். கண் முடிவுப் புள்ளியில் இருக்கட்டும், முழங்கையிலிருந்து ஒரே வீச்சில் இழுங்கள். கோடு சற்று விலகினால் அழிக்காமல் பக்கத்திலேயே இன்னொன்று இழுங்கள். அழிறப்பரை முதல் இரண்டு வாரம் அலுமாரியில் வைத்துப் பூட்டிவிடுங்கள்.

இனி கோவா விஷயத்துக்கு வருவோம். ஓர் இதழை வரைந்து, அதன் பக்கத்தில் அடுத்ததை ஒட்டி, அப்படியே சுற்றிக்கொண்டு போனால் நான்காவது இதழில் இடம் தீர்ந்துவிடும். ஐந்தாவதை இடுக்கில் செருக வேண்டி வரும். ஒன்றின்மேல் ஒன்று ஏறிய இலைக்கட்டுப் போல ஆகிவிடும். உங்கள் கையில் குறையில்லை, வரைகிற வரிசைதான் பிழை. நடு முதலில் வர வேண்டும், பிறகு ஐந்து திசை, கடைசியில்தான் இதழ்.

இதைப் பழகச் செவ்வரத்தை ஏற்ற பூ இல்லை. நடுவே நீட்டிக்கொண்டு வரும் தண்டும், சுருண்டு வளையும் இதழும் முதல் நாளே ஆளைக் குழப்பிவிடும். நித்தியகல்யாணியை எடுங்கள், பட்டிப்பூ என்றும் சொல்வார்கள். மடகஸ்காரிலிருந்து வந்த செடி. மணலிலும் வெயிலிலும் சளைக்காமல் நிற்கும் என்பதால் உங்கள் கடற்கரைப் பக்கம் தேட வேண்டியிருக்காது. பூ தட்டையாக விரிந்திருக்கும், இதழ் சரியாக ஐந்து, ஆண்டு முழுவதும் பூக்கும். செடி நஞ்சுள்ளது. பிள்ளைகள் வாயில் வைக்காமல் பாருங்கள், தொட்டால் கை கழுவுங்கள். பூவைப் பறிக்காமல் சாடியிலேயே வைத்து, காலை ஒன்பது மணிக்குள், சன்னல் வெளிச்சம் ஒரு பக்கமிருந்து விழுமாறு உட்காருங்கள். உச்சி வெயிலில் நிழலே விழாது, பூ வெறும் வெள்ளைத் தாள் போலத் தெரியும்.

பூ நேரே உங்களைப் பார்க்கட்டும். உண்மைப் பூ நாலு சென்ரிமீற்றர் இருந்தால் தாளில் பன்னிரண்டாக வரையுங்கள். சின்னதாக வரைந்தால் விரல்தான் வேலை செய்யும், நடுக்கம் திரும்பி வரும். தாளின் நடுவில் ஒரு புள்ளி. ஒரு துண்டுக் காகிதத்தில் ஆறு சென்ரிமீற்றர் குறித்து, அதை நடுப்புள்ளியில் வைத்துச் சுற்றிச் சுற்றிப் புள்ளியிடுங்கள். கோலத்துக்குப் புள்ளி வைப்பது போலத்தான். புள்ளிகளை மெல்லிய எச்பி கோட்டால் இணைத்தால் வட்டம் வந்துவிடும்.

ஐந்து திசையில்தான் பலரும் தவறுகிறார்கள். கூட்டல் குறி போட்டுவிட்டு ஐந்தாவதற்கு இடம் தேடுவார்கள். கூட்டல் குறியை மறந்துவிடுங்கள். கால் அகட்டி, கையை விரித்து நிற்கும் ஓர் ஆளை நினையுங்கள். தலை நேரே மேலே. இரண்டு கையும் தோளுக்குக் கொஞ்சம் மேலே தூக்கியபடி. கால்கள் இரண்டும் கீழே விரிந்தபடி. தலை, கை, கை, கால், கால்: ஐந்து கோடு. சரிபார்க்க அடிமட்டம் எடுங்கள். ஆறு சென்ரிமீற்றர் ஆரமுள்ள வட்டத்தில் ஒரு நுனிக்கும் அடுத்த நுனிக்கும் நேர்தூரம் ஏழு சென்ரிமீற்றர். சுற்றி வரும்போது இரண்டு மூன்று மில்லிமீற்றர் மிஞ்சும். அதைப் பொருட்படுத்த வேண்டாம், இயற்கைப் பூவும் அந்த அளவுக்கு ஒழுங்காக இருக்காது.

நடுவில் அரைச் சென்ரிமீற்றர் அளவு துவாரம். அதைச் சுற்றி இரண்டு சென்ரிமீற்றர் அகலத்துக்கு அடர்ந்த நிற வளையம். இப்போது இதழ். அடியில் ஒடுங்கி, நடுவிலிருந்து நாலு சென்ரிமீற்றர் தூரத்தில் மிக அகலமாகி, நுனியில் ஒரு சிறு முனையோடு முடிய வேண்டும். அகலமான இடத்தில் ஐந்து சென்ரிமீற்றரைத் தாண்டாதீர்கள். தாண்டினால் மறுபடி கோவாதான். வரையும் வரிசையும் முக்கியம்: தலை, பிறகு ஒரு கால், பிறகு எதிர்ப்பக்கக் கை, இப்படி ஒன்று விட்டு ஒன்று. அடுத்தடுத்து வரைந்தால் ஒரு இதழின் பிழை அடுத்ததற்கும் தொற்றிக்கொண்டே போகும்.

இங்கே பூவை உற்றுப் பாருங்கள். நித்தியகல்யாணியின் இதழ் இருபுறமும் ஒரே மாதிரி இருக்காது. ஒரு தோள் உயர்ந்தும் மற்றது சரிந்தும் இருக்கும். ஒவ்வொரு இதழின் ஓர் ஓரமும் அடுத்ததன்மேல் ஒரே பக்கமாக ஏறியிருக்கும், காற்றாடி போல. கோலம் போட்டுப் பழகிய கை இரு பக்கத்தையும் சமமாக்கப் பார்க்கும். அதற்கு இடம் கொடுத்தால் பூ போய்க் கோலம் வந்துவிடும்.

பள்ளிக்கூடத்திலும் இதே கேடுதான் நடக்கிறது. ஆசிரியர் பலகையில் ஒரு பூ போடுவார், நாற்பது பிள்ளைகளும் அதைப் பார்த்துப் போடுவார்கள். வெளியே மதிலோரம் நூறு பூ நிற்கும், ஒருவரும் போய்ப் பார்க்க மாட்டார்கள். பரீட்சை நெருங்கினால் சித்திரப் பாட நேரத்தையே கணக்குக்குக் கொடுத்துவிடுவார்கள். பிறகு பிள்ளைக்கு வரையத் தெரியவில்லை என்று ரியூசன். உங்கள் மகளின் கொப்பியில் இருப்பதும் அந்தப் பலகைப் பூவாக இருக்கலாம். அதைப் பார்த்து வரையாதீர்கள். சன்னல் கண்ணாடியில் படத்தை வைத்து ஒற்றி எடுக்கவும் வேண்டாம். கைபேசியில் வேகமாக ஓடும் "ஆறே படியில் பூ" காட்சிகளையும் விடுங்கள். அவற்றைப் பார்த்தால் அந்தப் பூவை மட்டும்தான் வரையத் தெரியும், உங்கள் முற்றத்துப் பூவை வரைய வராது.

படத்தைப் பார்த்து வரையக்கூடாது என்பதற்கு ஒரு விலக்கு உண்டு, அதை விளக்கமாகச் சொல்ல வேண்டும். அந்திமந்தாரை பின்னேரம் விரிந்து மறுநாள் காலை மூடிவிடும். நீங்கள் அடுப்படி வேலை முடித்து வருவதற்குள் போய்விடும். அப்படிப்பட்ட பூவுக்கு, நீங்களே எடுத்த படத்தைப் பார்த்து வரையலாம். பிறர் எடுத்த படம் ஆகாது, ஏனென்றால் எந்தக் கோணத்தில் நின்றார்கள், பூவின் பின்பக்கம் எப்படி இருந்தது என்பது உங்களுக்குத் தெரியாது. எடுக்கும்போது கைபேசியைப் பூவின் முகத்துக்குள் கொண்டுபோகாதீர்கள். பத்து சென்ரிமீற்றரில் எடுத்தால் கமராவுக்குக் கிட்ட இருக்கும் இதழ் பெருத்தும், தூர இருப்பது சிறுத்தும் வரும். நீங்கள் அதை அப்படியே வரைவீர்கள், பூ வீங்கினாற்போல இருக்கும். ஒரு மீற்றர் தள்ளி நின்று, சூம் செய்து எடுங்கள். நேரே ஒன்று, பக்கவாட்டில் ஒன்று, பின்னாலிருந்து காம்பு தெரிய ஒன்று: மூன்று படம். வரையும்போது மூன்றையும் மாற்றி மாற்றிப் பாருங்கள். அந்திமந்தாரைக்காகத்தான் இந்தச் சலுகை. நாள் முழுக்க நிற்கும் நித்தியகல்யாணிக்குப் படம் எடுக்க வேண்டாம்.

நேரான பூ ஐந்து தாளில் சரிவந்தால் பூவைச் சாயுங்கள். கையிலுள்ள வளையலைக் கழற்றிக் கண் முன்னால் பிடித்து மெல்லச் சாய்த்துப் பாருங்கள். வட்டம் முட்டை வடிவாக ஒடுங்கும். பூவும் அப்படித்தான். பக்கத்து இதழ்கள் முழு நீளத்தில் இருக்கும், உங்களை நோக்கியதும் எதிர்ப்புறத்ததும் குறுகும். வட்டத்துக்குப் பதில் அந்த ஒடுங்கிய வடிவை முதலில் போட்டு, அதற்குள் ஐந்து கோட்டை வையுங்கள். காம்பு எப்போதும் நடுத் துவாரத்தின் நேர்ப் பின்னாலிருந்து வர வேண்டும். இதழின் ஓரத்தில் காம்பை ஒட்டினால் குச்சிமிட்டாய் ஆகிவிடும்.

நிழலுக்கு 2பி. மேலே ஏறிய இதழ் கீழ் இதழில் எங்கே நிழல் விழுத்துகிறதோ அங்கே, நடுவிலிருந்து நுனி நோக்கிக் கோடு கோடாக இழுங்கள். விரலால் தேய்க்காதீர்கள். நம்மூர் வெக்கைக்கு விரலில் வியர்வையும் எண்ணெயும் இருக்கும், கரி தாளில் ஊறிவிடும், பிறகு அழியாது. கைக்குக் கீழே ஒரு துண்டுத் தாளை வைத்துக்கொள்ளுங்கள். மாரி காலத்தில் தாள் ஈரம் குடித்துப் பென்சில் இழுபடும், அதனால் கொப்பியைப் பிளாஸ்டிக் பையில் போட்டு வையுங்கள்.

சான்றிதழைப் பற்றியும் கேட்டிருக்கிறீர்கள். பூ வரைய அது வேண்டியதில்லை. பிறகு எப்போதாவது சான்றிதழுக்காகவே சேர நினைத்தால், இடையில் நிற்கிறவரிடம் காசு கொடுக்காமல் நிறுவனத்துக்கே நேரில் போங்கள். 1990ஆம் ஆண்டின் 20ஆம் இலக்கச் சட்டத்தின்படி அமைந்த அரச அமைப்பான மூன்றாம் நிலை மற்றும் தொழிற்கல்வி ஆணைக்குழுவில் பதிவு உண்டா என்று கேளுங்கள். பதிவிலக்கத்தைக் காட்டினாலும் அங்கே நிற்காதீர்கள். நிறுவனம் பதிவாகியிருப்பது வேறு, நீங்கள் சேரும் அந்தப் பாடநெறி அங்கீகாரம் பெற்றிருப்பது வேறு. இந்த இரண்டையும் குழப்பித்தான் காசு பறிக்கிறார்கள். சாதாரண சனத்துக்குப் புரிகிற மாதிரி இதை எழுதி ஒட்டிவைக்க வேண்டியவர்கள் செய்வதில்லை, அந்த இடைவெளியில்தான் தரகர்கள் பிழைக்கிறார்கள். பற்றுச்சீட்டில் பாடநெறியின் பெயர் எழுதித் தர மறுத்தால் எழுந்து வந்துவிடுங்கள்.

நாளுக்கு இருபது நிமிடம் போதும், ஒரு தாளில் ஒரே பூ. திகதி எழுதி வையுங்கள், கிழிக்காதீர்கள். பதினைந்தாவது தாளுக்குப் பிறகு வேலியோரச் செவ்வரத்தைக்குப் போகலாம். அடுக்குச் செவ்வரத்தை வேண்டாம், ஐந்து இதழ் உள்ளதைப் பாருங்கள். அது ஒரு நாள் பூ, பொழுது சாயச் சுருங்கிவிடும் என்பதால் காலையிலேயே உட்காருங்கள். ஒடுங்கிய வட்டம், ஐந்து கோடு எல்லாம் பழையபடிதான். ஆனால் இதழைத் தொடுமுன் நடுவிலிருந்து வெளியே நீளும் தண்டைப் போட்டுவிடுங்கள். தண்டின் பக்கங்களில் மகரந்தப் பொட்டுகள் வரும், நுனியில் ஐந்து சிறு கிளை, ஒவ்வொன்றின் தலையிலும் ஒரு உருண்டை. எண்ணிப் பார்த்து ஐந்தையும் போடுங்கள்.