வயலை விற்கும் முன் அந்த நோட்டைப் பாருங்கள்

தேனிப் பக்கத்திலிருந்து எழுதியிருக்கும் அம்மாவுக்கு,

நீட்டில் இரண்டாவது முறையும் அரசு இடத்துக்கு மதிப்பெண் எட்டவில்லை. ஒன்றரை ஏக்கரை விற்றாவது வெளிநாட்டில் எம்.பி.பி.எஸ். சேர்த்துவிடலாம் என்கிறார் உங்கள் அண்ணன். மகளோ நர்சிங்தான் என்கிறாள். "நர்ஸ் வேலைக்கா இவ்வளவு செலவு பண்ணினீங்க?" என்று கேட்கும் சொந்தங்களுக்கு என்ன பதில் சொல்வது என்று கேட்டிருக்கிறீர்கள்.

மகளைப் பற்றி எனக்குக் கவலை இல்லை. வயலைப் பற்றித்தான். 2021 விதிப்படி வெளிநாட்டில் குறைந்தது 54 மாதப் படிப்பு, அங்கேயே 12 மாதப் பயிற்சி, திரும்பியதும் வெளிநாட்டில் படித்தவர்களுக்கான எஃப்.எம்.ஜி.இ. தகுதித் தேர்வு, தேறினால் இங்கே இன்னொரு 12 மாதப் பயிற்சி. 2024 ஜூனில் அந்தத் தேர்வில் தேறியவர்கள் ஏறத்தாழ 21 சதவீதம். தேறாவிட்டால் வயலும் இருக்காது, டாக்டர் பதிவும் கிடைக்காது. அண்ணன் அந்தப் பணத்தைத் தன் கையிலிருந்து தரவில்லை என்பதையும் மனதில் வையுங்கள். இந்தக் கணக்கில் நான் இறங்கி வரமாட்டேன்.

உங்கள் கடிதத்தில் போகிற போக்கில் ஒரு வரி இருந்தது. மாமியார் இடுப்பெலும்பு முறிந்து ஆஸ்பத்திரியில் கிடந்தபோது, எந்த நேரம் புரட்டிப் படுக்க வைத்தார்கள், யூரின் டியூப் போட்டு எத்தனை நாள் ஆயிற்று என்று உங்கள் மகள் ஒரு நோட்டில் குறித்து வைத்தாளாம். பொழுது போகாமல் செய்தாள் என்று நினைக்கிறீர்கள். அதையே முழுநேர வேலையாகச் செய்ய ஆள் தேடும் பதவி ஒன்று இருக்கிறது: இன்ஃபெக்‌ஷன் கன்ட்ரோல் நர்ஸ், அதாவது தொற்றுத் தடுப்புச் செவிலியர். அரசு வேலை, வளைகுடா, லண்டன் எல்லாம் நீங்கள் ஏற்கெனவே கேள்விப்பட்டவை. அவற்றை விட்டுவிட்டு இதைச் சொல்கிறேன்.

நோயோடு வருகிறவருக்கு ஆஸ்பத்திரியே புதிதாக ஒரு தொற்றைக் கொடுத்துவிடக் கூடாது. இதுதான் வேலையின் மையம். கழுத்தில் பெரிய ரத்தக்குழாய்க்குள் போடும் சென்ட்ரல் லைன் என்ற டியூப், யூரின் டியூப், வென்டிலேட்டர், அறுவைப் புண் என்று நான்கு வாசல்கள். ஐ.சி.யூ.வில் தினமும் ஒரே நேரத்தில், லைன் போட்டிருக்கும் நோயாளிகள் எத்தனை பேர் என்று எண்ண வேண்டும். ஒருவருக்கு இரண்டு லைன் இருந்தாலும் கணக்கு ஒன்றுதான். மாதம் முழுவதும் கூட்டினால் 400 லைன் நாட்கள் வருகிறது, இரண்டு பேருக்கு ரத்தத் தொற்று என்றால், இரண்டை 400-ஆல் வகுத்து 1000-ஆல் பெருக்குங்கள்: ஆயிரம் நாளுக்கு 5. லைன் போட்டு முழுதாக இரண்டு நாள் கடந்த பிறகு வரும் தொற்றுதான் இதில் சேரும்.

கேட்க எளிது. ஞாயிற்றுக்கிழமை யாரும் எண்ணமாட்டார்கள், திங்களன்று குத்துமதிப்பாக ஒரு எண்ணை எழுதுவார்கள். வகுக்கும் எண்ணே பொய்யாகிவிடும். தோலைச் சரியாகத் துடைக்காமல் ரத்தம் எடுத்தால் தோலில் இருந்த கிருமி கல்ச்சரில், அதாவது கிருமி வளருமா என்று பார்க்கும் லேப் சோதனையில், வளர்ந்து, இல்லாத தொற்றுக்கு ஆன்டிபயாடிக் ஓடும். யூரின் பையை ஸ்ட்ரெச்சரில் நோயாளியின் வயிற்றின் மேல் வைத்துத் தள்ளிக்கொண்டு போவார்கள், சிறுநீர் திரும்ப உள்ளே போகும். வென்டிலேட்டரில் இருப்பவரின் தலைமாட்டை 30 முதல் 45 டிகிரி உயர்த்த வேண்டிய இடத்தில் கண்மதிப்பில் 15-ல் விட்டுவிடுவார்கள். கை சுத்தத்தைக் கண்காணிக்க இந்த நர்ஸ் ஃபைலோடு நின்றால் எல்லோரும் ஒழுங்காக 20-30 விநாடி கையில் மருந்து தேய்ப்பார்கள். நகர்ந்ததும் பழைய கதை. அதனால் ஒரு மாதத்தில் எத்தனை பாட்டில் ஹேண்ட் ரப் தீர்ந்தது என்பதையும் சேர்த்துப் பார்ப்பார்கள். பாட்டில் பொய் சொல்லாது.

இதற்குப் பலன் உண்டா? 1985-ல் வெளியான அமெரிக்க ஆய்வில், 250 படுக்கைக்கு ஒரு தொற்றுத் தடுப்பு ஆளும் முறையான கண்காணிப்பும் இருந்த இடங்களில் இத்தகைய தொற்று 32 சதவீதம் குறைந்தது. மிச்சிகன் ஐ.சி.யூ.க்களில் லைன் போடும்போது ஐந்தே காரியங்களை விடாமல் செய்தார்கள். ஆயிரம் நாளுக்கு 2.7 என்றிருந்த இடைநிலை விகிதம் பூஜ்யத்துக்கு வந்ததை 2006-ல் எழுதினார்கள். இங்கேயும் என்.ஏ.பி.எச். என்ற தர அங்கீகாரம் கேட்கும் மருத்துவமனை இந்தப் பதவியைக் காட்டியாக வேண்டும்.

கஷ்டத்தையும் கேளுங்கள். பல இடங்களில் இந்த நர்ஸின் தலையில் குவாலிட்டி ஃபைல், ஸ்டோர் கணக்கு எல்லாம் கட்டுவார்கள், சம்பளத்தை ஏற்றமாட்டார்கள். சீனியர் சர்ஜனிடம் போய் "சார், கை கழுவலை" என்று சொல்லும் தைரியம் வேண்டும். மாதக் கடைசியில் "பூஜ்யம்னு போட்டுடும்மா" என்று நிர்வாகம் கேட்கும். கல்ச்சரே அனுப்பாத ஐ.சி.யூ.விலும் பூஜ்யம்தான் வரும் என்பது அவளுக்குத் தெரிந்திருக்க வேண்டும்.

நேராக இந்த நாற்காலிக்கும் போக முடியாது. நான்கு வருட பி.எஸ்சி. நர்சிங், கவுன்சில் பதிவு, அதன்பின் இரண்டு மூன்று வருடமாவது வார்டிலும் ஐ.சி.யூ.விலும் இரவு ஷிப்ட் உட்பட நிற்க வேண்டும். வார்டு தெரியாதவள் சொன்னால் வார்டு கேட்காது. "வெறும் ஊசி போடுற வேலை" என்கிற சொந்தக்காரரிடம் இதைச் சொல்லுங்கள்: பென்சில்வேனியாவில் 168 மருத்துவமனைகளை ஆராய்ந்து 2002-ல் வெளியிட்ட ஆய்வில், ஒரு நர்ஸிடம் ஒரு நோயாளி கூடுதலாகச் சேரும்போது, அறுவை சிகிச்சையானவர்கள் 30 நாளுக்குள் இறக்கும் வாய்ப்பு 7 சதவீதம் கூடியது. கல்யாணத்துக்கு இடைஞ்சல் என்பவருக்கு நான் பதில் எழுதப் போவதில்லை.

முதலில் அரசுக் கவுன்சலிங்குக்கு விண்ணப்பியுங்கள். அது பிளஸ் டூ மதிப்பெண்ணை வைத்து நடக்கிறது. தனியார் கல்லூரி என்றால் இந்திய நர்சிங் கவுன்சில், தமிழ்நாடு நர்சிங் கவுன்சில் இரண்டின் பட்டியலிலும் இந்த ஆண்டுக்குப் பெயர் இருக்கிறதா பாருங்கள். சொந்த மருத்துவமனை 100 படுக்கையோடு இருக்கிறது என்பார்கள். சொல்லாமல் ஒரு செவ்வாய்க்கிழமை காலை போய், எத்தனை படுக்கையில் ஆள் இருக்கிறது என்று மகளையே எண்ணச் சொல்லுங்கள். ஆள் இல்லாத வார்டில் அவள் நான்கு வருடம் பொம்மைக்குத்தான் ஊசி போடுவாள். படிப்பு முடிந்ததும் இங்கேயே வேலை செய்ய வேண்டும் என்ற பாண்ட் (ஒப்பந்தம்) என்று சொல்லி ஒரிஜினல் சான்றிதழை வாங்கி வைத்துக்கொள்ளும் கல்லூரி என்றால் கட்டிய முன்பணம் போனாலும் வெளியே வந்துவிடுங்கள்.

சேர்க்கை முடியும் வரை காத்திராமல் ஒரு வேலையை இந்த வாரமே தொடங்கலாம். ஹெபடைடிஸ் பி தடுப்பூசி: முதல் டோஸ் இன்று, ஒரு மாதத்தில் இரண்டாவது, ஆறாவது மாதத்தில் மூன்றாவது. குழந்தைப் பருவத்தில் போட்டிருந்தால் அட்டையைத் தேடி எடுத்து டாக்டரிடம் காட்டி, ரத்தத்தில் எதிர்ப்புச் சக்தி (anti-HBs) 10 mIU/mL அல்லது அதற்கு மேல் இருக்கிறதா என்று பார்த்தால் போதும். தடுப்பு இல்லாதவர் கையில் ஹெபடைடிஸ் பி நோயாளியின் ஊசி குத்தினால் நூற்றுக்கு முப்பது வரை தொற்ற வாய்ப்புண்டு. முதல் வருடமே வார்டுக்கு அனுப்பிவிடுவார்கள்.