ஜாக் இறங்கவில்லை என்றால் உடனே பம்பை மாற்றாதீர்கள்

வாசகர் கேள்வி – பதில்

கேள்வி: எங்கள் மோட்டார்ஹோமில் (உள்ளேயே தங்கும் வசதியுள்ள வண்டி) எண்ணெய் அழுத்தத்தில் இயங்கும் நான்கு ஹைட்ராலிக் ஜாக்குகள் இருக்கின்றன. வண்டியை நிறுத்திச் சமன்படுத்த பட்டனை அழுத்தினால் ஒன்றுகூட இறங்குவதில்லை. பேனலில் விளக்கு எரிகிறது, பம்ப் இருக்கும் பக்கத்திலிருந்து 'டிக்' என்ற சத்தம் மட்டும் கேட்கிறது. மீட்டரில் பேட்டரி 12.5 வோல்ட் காட்டுகிறது. பம்ப் போய்விட்டது, மாற்ற வேண்டும் என்கிறார் மெக்கானிக். மாற்றிவிடலாமா?

பதில்: இப்போது வேண்டாம். அந்த 'டிக்' சத்தம் நல்ல தடயம். பட்டனின் கட்டளை பேனலைத் தாண்டி பம்பின் ரிலே (மோட்டாருக்கு மின்சாரத்தை இணைக்கும் மின் சுவிட்ச்) வரை வந்துவிட்டது என்று பொருள். ஆகவே பேனல், ஹேண்ட்பிரேக் சுவிட்ச், சிறிய ஃப்யூஸ் இவற்றை ஓரமாக வைத்துவிடலாம். பேட்டரியிலிருந்து மோட்டாருக்குப் போகும் தடித்த வயரின் பாதையைத்தான் பார்க்க வேண்டும்.

12.5 வோல்ட் என்பது சும்மா இருக்கும் பேட்டரியின் அளவு. அதை வைத்து எதையும் முடிவு செய்ய முடியாது. பம்ப் மோட்டார் சுமையோடு ஓடும்போது 100 ஆம்பியர் அளவுக்கு இழுக்கும். வழியில் துருப்பிடித்த ஓர் இணைப்பில் 0.05 ஓம் தடை இருந்தால் போதும், 5 வோல்ட் அங்கேயே போய்விடும். மிச்சமுள்ள ஏழு வோல்ட்டில் ரிலே 'டிக்' என்று மூடிக்கொள்ளலாம், மோட்டார் சுற்றாது. அதனால் எல்லா அளவையும் ஒருவர் பட்டனை அழுத்திப் பிடித்திருக்கும்போதே எடுங்கள்.

சக்கரங்களுக்குக் கட்டை வைத்துவிட்டு, பக்கவாட்டுக் கதவு வழியாகப் பம்பை எட்ட முடிந்தால் அப்படியே வேலை பாருங்கள். ஜாக்கை மட்டும் நம்பி வண்டிக்கு அடியில் ஒருபோதும் போகாதீர்கள். எண்ணெய் போகும் ஒரு ஹோஸ் (குழாய்) வெடித்தால் வண்டி அப்படியே இறங்கிவிடும்.

முதலில் இன்ஜினை ஓடவிட்டுப் பட்டனை அழுத்துங்கள். ஜாக் இறங்கினால் பேட்டரியோ அதன் இணைப்புகளோதான் பலவீனம். இறங்காவிட்டால் இன்ஜினை நிறுத்திவிட்டு, பேட்டரியின் ஈய முனைகளிலேயே மீட்டரை வையுங்கள், அவற்றில் வயரை மாட்டியிருக்கும் கிளாம்பில் வேண்டாம். அழுத்தும்போது 10.5 வோல்ட்டுக்குக் கீழே சரிந்தால் பேட்டரியை முழுதாகச் சார்ஜ் செய்து, லோடு டெஸ்ட் (சுமை கொடுத்துச் சோதிப்பது) செய்யுங்கள்.

பேட்டரி தாக்குப்பிடித்தால் ரிலேக்குப் போங்கள். அதில் இரண்டு பெரிய போல்ட்டுகள் இருக்கும். பேட்டரிப் பக்கத்துப் போல்ட்டில் சும்மா இருக்கும்போதே 12 வோல்ட் இல்லையென்றால், நடுவில் உள்ள பெரிய ஃப்யூஸ் அல்லது சர்க்யூட் பிரேக்கர் போயிருக்கிறது. அங்கே 12 வோல்ட் இருந்து, பட்டனை அழுத்தியும் மோட்டார் பக்கத்துப் போல்ட்டுக்கு ஒன்றும் வரவில்லையென்றால் ரிலேயின் உள் தொடுமுனை கருகிவிட்டது. 'டிக்' என்று கேட்டும் மோட்டார் ஓடாததற்கு இது அடிக்கடி காணும் காரணம், மாற்றுவதும் சுலபம். பேட்டரியின் நெகட்டிவைக் கழற்றிவிட்டு, அதே ஆம்பியர் அளவுள்ளதைப் பொருத்துங்கள். சில அமைப்புகளில் இறக்க ஒன்று, ஏற்ற ஒன்று என இரண்டு ரிலேக்கள் இருக்கும். இரண்டும் ஒரே வகையானால் இடம் மாற்றிப் போட்டால் விடை தெரிந்துவிடும்.

மோட்டார் வரை 12 வோல்ட் வந்தும் சுற்றவில்லையா? எர்த்தை, அதாவது மோட்டாரிலிருந்து பேட்டரி நெகட்டிவுக்குத் திரும்பும் இணைப்பைப் பாருங்கள். மோட்டார் உடலுக்கும் பேட்டரி நெகட்டிவுக்கும் இடையே, அழுத்தும் நேரத்தில், அரை வோல்ட்டுக்கு மேல் காட்டக் கூடாது. காட்டினால் எர்த் போல்ட்டைக் கழற்றி, பளபளக்கும் உலோகம் தெரியும்வரை கம்பி பிரஷ்ஷால் தேய்த்து இறுக்குங்கள். எர்த்தும் சரியாக இருந்தால் மட்டுமே மோட்டார்மீது சந்தேகம். மரக் கைப்பிடியால் லேசாகத் தட்டியதும் ஓடினால் கார்பன் பிரஷ் தேய்ந்துவிட்டது. அப்போதும் மோட்டார் தனியாகக் கிடைக்கிறதா என்று விசாரித்த பிறகே முழு பம்பையும் வாங்குங்கள்.

கேள்வி: மோட்டார் ஓடும் சத்தம் நன்றாகக் கேட்கிறது, ஆனால் ஜாக் அசையவில்லை. ஏன்?

பதில்: மின்சாரம் சரி, எண்ணெய்ப் பக்கம் வாருங்கள். ஜாக்குகள் எல்லாம் மேலே இருக்கும் நிலையில் டேங்கின் அளவைப் பாருங்கள். ஜாக் இறங்கியிருக்கும்போது நிரப்பினால், அவை ஏறும்போது திரும்பி வரும் எண்ணெய் டேங்கிலிருந்து வழிந்துவிடும். பல அமைப்புகள் ஆட்டோமேட்டிக் கியர்பாக்ஸ் ஆயிலைத்தான் எடுத்துக்கொள்கின்றன, இருந்தாலும் கையேட்டில் சொன்னதையே ஊற்றுங்கள். பிரேக் ஆயில் மட்டும் கூடவே கூடாது, ரப்பர் சீல்கள் ஊதிக் கெட்டுவிடும்.

எண்ணெய் குறைந்து காற்று புகுந்திருந்தால், நிரப்பிய பிறகு ஜாக்குகளைச் சில தடவை முழுதாக இறக்கி ஏற்றுங்கள். தொடர்ந்து ஓட்டாமல் நடுநடுவே மோட்டாரை ஆறவிடுங்கள். எண்ணெய் சரியாக இருந்தும், மோட்டார் சுமையே இல்லாததுபோல் கீச்சென்று வேகமாகச் சுற்றினால் மோட்டாரையும் பம்பையும் இணைக்கும் கப்ளிங் உடைந்திருக்கலாம். கசிவைத் தேடும்போது ஹோஸை விரலால் தடவாதீர்கள், அட்டையைப் பிடித்துப் பாருங்கள். அழுத்தத்தில் பீறிடும் எண்ணெய் தோலைத் துளைத்து உள்ளே போய்விடும். அப்படி நேர்ந்தால், காயம் எவ்வளவு சிறிதாகத் தெரிந்தாலும், உடனே மருத்துவமனைக்குப் போக வேண்டும்.

கேள்வி: மூன்று ஜாக்குகள் இறங்குகின்றன, இடது முன்பக்கத்து ஜாக் மட்டும் இறங்கவில்லை.

பதில்: பம்பை மறந்துவிடுங்கள், மற்ற மூன்றும் அதற்குச் சாட்சி. அந்த ஜாக்கின் வால்வு காயிலுக்கு (வால்வை இயக்கும் மின்காந்தச் சுருள்) போகும் பிளக்கைக் கழற்றிப் பச்சைக் களிம்பு படிந்திருக்கிறதா என்று பாருங்கள். பிறகு பட்டனை அழுத்தச் சொல்லி, காயில் நட்டின்மேல் ஸ்க்ரூடிரைவர் நுனியை வையுங்கள். காந்தம்போல் இழுக்க வேண்டும். இழுக்காவிட்டால், நன்றாக வேலை செய்யும் ஜாக்கின் காயிலை இங்கே மாட்டிப் பாருங்கள். நட்டை எடுத்தால் காயில் மட்டும் கழன்று வரும், எண்ணெய் கொட்டாது. அப்போது ஜாக் இறங்கினால் பழைய காயில்தான் பழுது. காயில் இழுத்தும் ஜாக் வரவில்லையென்றால் வால்வுக்குள் அழுக்கு சிக்கியிருக்கும், அல்லது ஜாக்கின் தண்டு வளைந்திருக்கும்.

கேள்வி: பட்டனை அழுத்தினால் எந்தச் சத்தமும் இல்லை, பேனல் விளக்கும் எரியவில்லை.

பதில்: சாவி சரியான நிலையில் இருக்கிறதா, கியர் பார்க் அல்லது நியூட்ரலில் இருக்கிறதா, ஹேண்ட்பிரேக் போட்டிருக்கிறதா என்று முதலில் பாருங்கள். ஹேண்ட்பிரேக் போட்டும் டேஷ்போர்டில் அதன் விளக்கு வரவில்லையென்றால் அந்தச் சுவிட்ச்தான் ஜாக்கைத் தடுக்கிறது. எல்லாம் சரியென்றால் பேனலின் ஃப்யூஸைக் கழற்றி மீட்டரில் சோதியுங்கள், கண்ணால் பார்த்து நம்பாதீர்கள்.